நான்கு ஞாயிறு, நான்கு இன மாடு: எங்கள் ஊர்க் கறிக்கடை

குயின்ஸ்லாந்தில் டூவூம்பாவுக்குக் குடிவந்து ஆறு வருடமாகிறது. வீட்டுக்குப் பக்கத்துக் கறிக்கடையில் விலைப்பலகையில் மாட்டின் இனத்தையும் எழுதி வைக்கிறார்கள்: ஆங்கஸ், ஹெர்ஃபோர்ட், வாக்யு, பிராமன் கலப்பு. மார்த்தாண்டத்தில் இனம் கேட்டு யார் கறி வாங்கினார்கள்? எனக்கு ஆசை வந்துவிட்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ தோள்கறி வாங்கி, அம்மா செய்கிற தேங்காய்க்கொத்து வறுவலைச் செய்து பார்த்தேன். மசாலா, குக்கர், சட்டி எதையும் மாற்றவில்லை.

வாக்யுவை நம் வறுவலுக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஜப்பானிய இனமான இதற்குச் சதைக்குள்ளேயே கொழுப்பு நூல் நூலாக ஓடும். அதற்காகவே பல மாதம் தானியம் போட்டு வளர்க்கிறார்கள். குக்கரில் அத்தனையும் உருகி மேலே மிதந்தது, மிளகும் மல்லியும் அதில் அமுங்கிப்போயின. கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது. ஸ்காட்லாந்துக் கறுப்பு மாடான ஆங்கஸ், ஐந்தாவது விசிலிலேயே நார் நாராகப் பிரிந்தது. குழம்புக்கு அருமை, சட்டியில் கிளறினால் உடைகிறது. ஹெர்ஃபோர்டும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பிராமன் எட்டு விசில் கேட்டது. ஆனால் வெந்த பிறகும் துண்டு துண்டாகவே நின்றது. இரும்புச்சட்டியில் அரை மணி நேரம் கிளறினேன். ஓரமெல்லாம் கறுத்து, மசாலா உள்ளே வரை இறங்கி, கடித்தால் பல்லுக்கு வேலை இருந்தது. ஊரில் சாப்பிட்ட அதே கறி! காரணமில்லாமல் இல்லை. பிராமன் நம்முடைய திமில் மாட்டின் வழி. ஓங்கோல், கிர் போன்ற இந்திய இனங்களைக் கலந்து அமெரிக்காவில் உருவாக்கி, 1933-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வெயிலும் உண்ணியும் மற்ற மாடுகளை வாட்டுகிற வடக்கில் இது தாக்குப்பிடிக்கிறது.

ஸ்டேக்காகச் சுட்டபோது மட்டும் பிராமன் ஆங்கஸிடம் தோற்றது, ரப்பர் மாதிரி இழுத்தது. மாட்டை அறுத்துத் தொங்கவிட்ட பிறகு சதையைத் தளர்த்துவது கால்பைன் என்ற நொதி. திமில் மாட்டில் அதைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் அதிகம். அதனால் இங்கே கறிக்குத் தரம் போடும்போது திமிலின் உயரத்தையும் அளக்கிறார்கள்; உயரம் கூடினால் சில பாகங்களுக்கு மதிப்பெண் குறையும். குதிகால் நரம்பில் மாட்டாமல் இடுப்பெலும்பில் தொங்கவிட்ட கறி என்றால் இந்த வித்தியாசம் பெருமளவு குறையுமாம். கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். கேட்டால் எந்தக் கறி எப்படித் தொங்கியது, எத்தனை நாள் ஆனது என்று பொறுமையாகச் சொல்கிறார். அதற்காகவே இந்தக் கடைக்குப் போகலாம்.

குறை இரண்டு. எலும்போடு வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னரே சொல்ல வேண்டும். துண்டு போடச் சொன்னால் எலுமிச்சம்பழ அளவில் போடுகிறார்கள். வீட்டில் மறுபடி வெட்டியாக வேண்டும். அப்புறம், பிராமன் கலப்பு எல்லா வாரமும் இருக்காது, போன் செய்துவிட்டுப் போங்கள்.

வருகிற சனிக்கிழமைக்குத் திமிலே ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். பிரேசிலில் அதைக் குப்பிம் என்று தனியாகச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் மிளகு தட்டிப்போட்டு வறுக்கப் போகிறேன்.