கழுத்துப் பருக்களும் ஒற்றைப் பிளேட் ரேசரும்: நுவரெலியாவிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

சுருண்ட தாடி உள்ளவருக்கு, பல பிளேட்கள் அடுக்கிய ரேசர் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. முன்னால் செல்லும் பிளேட் முடியை இழுத்துத் தூக்க, பின்னால் வருவது அதைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுகிறது; அந்தக் கூர்முனை வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்துவதால்தான் கழுத்தில் சிவந்த பருக்கள் எழுகின்றன. ஒற்றைப் பிளேட் பொருத்தும் சேஃப்டி ரேசருக்கு மாறிய பிறகு, என் தாடைக்குக் கீழே நெடுங்காலம் குடியிருந்த பருக்கள் அநேகமாக அடங்கிவிட்டன.

இந்தப் பெருமை முழுவதும் கருவிக்கே உரியதன்று. மாறுவதற்கு முன் சில வாரங்கள் சவரத்தையே நிறுத்தி, உள்ளே மடங்கிய முடிகள் தாமாக வெளிவரக் காத்திருந்ததும், முடி வளரும் திசையிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல் மழிப்பதும், இரவில் சாலிசிலிக் அமிலம் கலந்த திரவம் பூசுவதும் இதில் பங்குகொண்டவை. சலூனில் தேய்க்கும் படிகாரம் இரத்தக் கசிவை நிறுத்துமே ஒழிய, புதைந்த முடியை வெளியே கொணராது. சீழ் கட்டினாலோ தழும்பு தடித்து வளர்ந்தாலோ, ஊசியால் தோண்டாமல் தோல் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

என் கோபமெல்லாம் கைப்பிடியின் மீதுதான். முடி ஊறி மென்மையாக வெந்நீர் கட்டாயம் வேண்டும். ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இந்த ஊரில், ஜனவரிக் காலையில் கேத்தலிலிருந்து பேசினில் ஊற்றிய நீர் பாதிச் சவரத்துக்குள் ஆறிவிடுகிறது, முகத்திலிருக்கும் நுரையும் சில்லிட்டுப் போகிறது. அந்த நேரத்தில், விறைத்த விரல்களுக்குள் சவர்க்காரம் பட்ட வழவழப்பான உலோகக் கைப்பிடி, விரால் மீனைப் போல நழுவுகிறது. பிடிமானத்துக்கு ஒரு வரிகூடச் செதுக்காமல் பளபளப்பாக்கிய மனிதர் குளிரில் முகம் மழித்தவராக இருக்க முடியாது. தொண்டை முடிச்சருகே, முடி பக்கவாட்டில் வளரும் இடத்தில், கோணம் சற்றே பிசகினாலும் வெட்டு நிச்சயம்.

ஹட்டனில் ஆசிரியராக இருக்கும் நண்பர், இதே தொல்லைக்கு இந்த ரேசரை வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், ஒரு மில்லிமீற்றர் அளவு முடியை விட்டு வெட்டும் டிரிம்மரை வாங்குங்கள், பாடம் நடத்த மழமழப்பான முகம் தேவையில்லை என்றேன். எனக்கு மட்டும் அடுத்த பிளேட் பெட்டி வாங்கியாயிற்று.