ஆஃபென்ஸுக்குப் பிளே சொல்வது யார்: தலைமைப் பயிற்சியாளரா, கோஆர்டினேட்டரா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆஃபென்ஸுக்கு, அதாவது பந்தை வைத்திருக்கும் தாக்குதல் பிரிவுக்கு, அடுத்து ஆட வேண்டிய நகர்வை (பிளே) தலைமைப் பயிற்சியாளரே சொல்லலாமா, அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான உதவிப் பயிற்சியாளரான கோஆர்டினேட்டரிடம் விட்டுவிடலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விட்டுவிட வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

சம்பளம், பேர், பழி பற்றியெல்லாம் நீட்டி முழக்கத் தேவையில்லை. யார் பிளே சொன்னாலும் தோற்றால் வேலை போவது தலைமைப் பயிற்சியாளருக்குத்தான்.

பிளே சொல்வது எவ்வளவு நெருக்கடியான வேலை என்று முதலில் பார்க்கலாம். ஒரு பிளே முடிந்ததும், அடுத்ததைத் தொடங்குவதற்கான 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். 2024 முதல் கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டமான எஃப்பிஎஸ் பிரிவில், களத்தில் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அது அணைந்துவிடும். ஆக, கையில் இருப்பது 25 விநாடி. அதற்குள் நடுவர் பந்தை வைக்க வேண்டும், அரங்கின் மேலே பிரஸ் பாக்ஸில் இருக்கும் உதவியாளர் டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), மீதித் தூரம், ஹாஷ் (பந்து களத்தின் எந்தப் பக்கமாக இருக்கிறது) மூன்றையும் சொல்ல வேண்டும், எந்த ஆட்களை உள்ளே அனுப்புவது என்று முடிவாக வேண்டும், பிளேயும் குவாட்டர்பேக் காதில் விழ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிளே முடிவதற்குள்ளேயே அடுத்ததற்கு இரண்டு விடைகள் தயாராக இருந்தால்தான் இது நடக்கும்: நான்கு யார்டு கிடைத்தால் இது, பாஸ் தரையில் விழுந்தால் அது. ஓர் ஆட்டத்தில் இப்படி 65, 70 தடவை.

இதைத் தலைமைப் பயிற்சியாளரே செய்வதில் உண்மையான நன்மைகள் உண்டு. நான்காவது டவுனில் போவதா, பன்ட் செய்வதா (பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவதா) என்பது அவர் தலைக்குள்ளேயே முடிந்துவிடும், யாரிடமும் கேட்டுச் சொல்லும் தாமதம் இல்லை. அதைவிடப் பெரிய நன்மை, ஆஃபென்ஸ் அவரோடு தங்கிவிடுவது. நல்ல கோஆர்டினேட்டரை வளர்த்தால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். 2019-இல் 15 ஆட்டங்களையும் வென்ற லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யு) அணியில் பாஸிங் தாக்குதலைச் செதுக்கிய ஜோ பிரேடி ஒரே சீசனில் என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார். குவாட்டர்பேக் ஜோ பர்ரோவும் போனார். மறுவருடம் அணி 5-5. ஃப்ளோரிடாவில் ஸ்டீவ் ஸ்பரியர் (1996), ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஜிம்போ ஃபிஷர் (2013) இருவரும் தாங்களே பிளே சொல்லித் தேசியப் பட்டம் வென்றவர்கள். ஆக, இந்த வழியில் பட்டமே கிடைக்காது என்று யாரும் வாதிட முடியாது.

அப்படியிருந்தும் நான் ஏன் எதிர்ப்பக்கம் நிற்கிறேன் என்றால், காரணம் ஒன்றுதான்: நம் டிஃபென்ஸ் களத்தில் இருக்கும் நேரம். ஏறக்குறைய பாதி ஆட்டம். பிளே சொல்பவருக்கு அது ஓய்வு நேரம் இல்லை. பெஞ்சில் குவாட்டர்பேக் பக்கத்தில் குனிந்து, டேப்லெட்டில் முந்தைய டிரைவை (ஒரு தொடர் தாக்குதலை) பார்த்து, பின்வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி எந்தப் பக்கம் சுழன்றார், குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்த எந்த பிளிட்ஸை யார் தவறவிட்டார் என்று சரிபார்த்து, அடுத்த டிரைவின் முதல் நான்கைந்து பிளேக்களை வட்டமிட வேண்டிய நேரம் அது. நல்ல பிளே காலர் யாரும் அதை விட மாட்டார், விடவும் கூடாது.

ஆனால் தலைமைப் பயிற்சியாளர் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவுகளில் பாதி அந்த நேரத்தில்தான் வருகின்றன. முதல் பாதி முடிய 1:10 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி தன் 20 யார்டு கோட்டில், இரண்டாவது டவுனில் ஓடி, களத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. மூன்றாவது டவுன், 9 யார்டு. ஆட்டக் கடிகாரம் ஓடுகிறது. அந்த நொடியே டைம்-அவுட் கேட்டால், அவர்களை நிறுத்தி பன்ட் வாங்கிய பிறகும் நம் ஆஃபென்ஸுக்கு 50 விநாடிக்கு மேல் கிடைக்கும். கேட்கத் தவறினால் 30 விநாடி வரை கரைய விட்டுத்தான் அவர்கள் ஸ்நாப் எடுத்து அடுத்த பிளேயைத் தொடங்குவார்கள். போனது மூன்று நான்கு பாஸ்கள், பெரும்பாலும் ஒரு ஃபீல்டு கோல். அப்போது தலைமைப் பயிற்சியாளர் டேப்லெட்டில் இருந்தால், "டைம்-அவுட்!" என்று இன்னொருவர் கத்தி அவர் நிமிர்வதற்குள் பத்து விநாடி போயிருக்கும். பெனால்டியை ஏற்பதா மறுப்பதா, கேட்ச் சந்தேகமாக இருந்தால் டைம்-அவுட்டைப் பணயம் வைத்து சேலஞ்ச் செய்வதா என்பதும் இதே கதைதான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

பார்வைக் கோணம் இன்னொரு சிக்கல். கோஆர்டினேட்டர் மேலே பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்தால் டிஃபென்ஸ் முழுவதும் விரித்த பாய்போலத் தெரியும். தலைமைப் பயிற்சியாளர் கீழே சைட்லைனில்தான் நிற்க வேண்டும். அங்கிருந்து லைன்மேன்களின் முதுகைத் தாண்டி சேஃப்டிகள் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார்கள் என்று கணிப்பது கடினம். அவர் சொல்லும் பிளே, மேலே இருப்பவரின் வாய்வழிச் செய்தியை நம்பித்தான் போகிறது.

ஒஹையோ ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் ரயன் டே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023 வரை அவரே பிளே சொன்னார். 2024-இல் யுசிஎல்ஏவின் தலைமைப் பதவியையே விட்டு வந்த சிப் கெல்லியிடம் ஒப்படைத்தார். அந்த சீசனின் இறுதி ஆட்டத்தில் நாட்டர் டேமுக்கு எதிராக 31-23, இரண்டரை நிமிடம் சொச்சம் பாக்கி, மூன்றாவது டவுன், 11 யார்டு. ஓடிக் கடிகாரத்தைக் கரைப்பதுதான் வழக்கம். ஜெரமையா ஸ்மித்துக்கு 56 யார்டு பாஸ் போனது. 34-23, பட்டம். ஆனால் இதையே சான்றாகத் தூக்கிப் பிடிக்க எனக்குத் தயக்கம் உண்டு. அவ்வளவு ஆட்கள் உள்ள அணியில் மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே கெல்லி பிளே சொன்ன நவம்பரில்தான் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றார்கள்.

ஒப்படைத்தால் மட்டும் கண் திறந்துவிடாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2023 அக்டோபரில் ஜார்ஜியா டெக்குக்கு எதிராக மயாமி 20-17 என்று முன்னிலையில் இருந்தது. குவாட்டர்பேக் பந்தோடு முழங்காலிட்டிருந்தாலே, கடிகாரம் ஓடி ஆட்டம் முடிந்திருக்கும். ஓட்டத்துக்குப் போனார்கள், பந்து கைநழுவியது, 26 விநாடிகளில் ஜார்ஜியா டெக் 23-20 என்று வென்றுவிட்டது. மயாமியின் தலைமைப் பயிற்சியாளர் மாரியோ கிறிஸ்டோபால் பிளே சொல்பவர் இல்லை. ஆனாலும் "மண்டியிடு" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அதனால் ஒப்படைப்பதை முறையாகச் செய்ய வேண்டும். "நான்கு டவுனும் நமக்கு உண்டு" (நான்காவதில் பன்ட் செய்ய மாட்டோம்) என்ற செய்தி கோஆர்டினேட்டருக்கு மூன்றாவது டவுனுக்கு முன்பே, முடிந்தால் இரண்டாவதிலேயே போக வேண்டும். அப்போதுதான் மூன்றாவது டவுன், 6 யார்டில் அவர் தைரியமாக ஓட்டம் சொல்லுவார். பிளேயைத் தடுப்பதாக இருந்தால் கடிகாரத்தில் 25 இருக்கும்போதே, ஒரே சொல்லில். அதற்குப் பிறகு வாய் திறந்தால் குவாட்டர்பேக் காதில் பாதி பிளேதான் போய்ச் சேரும். பிளேக்களின் பெயர்கள் அணிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், கோஆர்டினேட்டருக்கு அல்ல. அவர் போனாலும் வீரர்கள் புது மொழி படிக்க வேண்டியிருக்காது. எல்எஸ்யுவுக்கு நேர்ந்த வகை இழப்பை முழுக்கத் தடுக்க முடியாது, குறைக்கலாம். கொடுப்பதையும் வசந்தகாலத்தின் 15 பயிற்சிகளுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். சீசன் நடுவில் கொடுப்பதும் பிடுங்குவதும் வீரர்களைத்தான் குழப்பும். (ஆபர்ன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கஸ் மால்சான் 2018 கடைசியில் பொறுப்பைத் திரும்ப எடுத்து பர்டியூவை 63-14 என்று நொறுக்கினார். சீசன் முடிந்தபின் ஆடும் ஒரு பவுல் ஆட்டத்துக்கு, தயாராக ஒரு மாதம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.)

விதிவிலக்கு என்றேன். பயிற்சியாளர் மைக் லீச்சைப் போலக் குறைந்த பிளேக்களை ஆயிரம் தடவை பழக்கி, பாதி முடிவைக் குவாட்டர்பேக்கிடமே விடும் ஆஃபென்ஸ் என்றால் தலைமைப் பயிற்சியாளரே சொல்லலாம், சுமை குறைவு. நல்ல கோஆர்டினேட்டருக்குக் காசு இல்லாத சிறிய பல்கலைக்கழகங்களிலும் வேறு வழியில்லை. அங்கே டிஃபென்ஸ் நேரத்துக் கடிகாரத்தை மட்டும் பார்க்க ஒருவரைத் தனியாக நியமித்து, டைம்-அவுட் கேட்கச் சொல்லும் உரிமையை ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஒப்படைத்தவர் கையில் பிளேக்களின் பட்டியலான கால் ஷீட் (call sheet) வேண்டாம். ஒரே ஒரு தாள் போதும்: நான்காவது டவுன் அட்டவணை, டச் டவுனுக்குப் பின் இரண்டு புள்ளிக்கு எப்போது முயல்வது என்ற அட்டவணை, முழங்காலிடும் கணக்கு. கடைசியானது எளிது. முதல் டவுன், எதிரணிக்கு டைம்-அவுட் இல்லை என்றால் ஏறக்குறைய 2 நிமிடத்தை மண்டியிட்டே கரைத்துவிடலாம். அவர்களிடம் உள்ள ஒவ்வொரு டைம்-அவுட்டுக்கும் அதில் 40 விநாடி கழியுங்கள். மூன்றாவது டவுனில், டைம்-அவுட் இல்லாத எதிரணியிடம் 40 விநாடி. மயாமிக்கு அன்று தேவைப்பட்டது அந்த ஒரு வரி.