வாடகை சோலார் தகடுகள் உள்ள வீட்டை விற்க நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் வீட்டுக்கு விலை பேசி முடித்து, முன்பணமும் வாங்கிய பிறகு, வாங்க வந்தவரின் வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, கூரையில் இருக்கும் சோலார் தகடுகள் யாருக்குச் சொந்தம் என்பதுதான். எங்களுக்குத்தான் என்று நானும் என் மனைவியும் தயங்காமல் சொன்னோம். ஐந்து ஆண்டுகளாக மாதம் தவறாமல் அவற்றுக்குத் தவணை கட்டி வந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வோம்? அவர் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நாங்கள் கட்டி வந்தது தவணை அன்று, குத்தகை வாடகை. 20 ஆண்டு முடிந்தாலும் தகடுகள் நிறுவனத்துக்கே சொந்தம். போதாததற்கு, அந்தக் கருவிகளின் மேல் நிறுவனத்துக்கு இருந்த உரிமை எங்கள் வீட்டின் பெயரில் ஒரு வில்லங்கமாகவே பதிவாகியிருந்தது.

நிறுவனத்தின் பெயரை எழுதுவதால் பயன் இல்லை என்பதால் எழுதவில்லை. இதே வகை ஒப்பந்தத்தை வேறு வேறு பெயர்களில் பலரும் நீட்டுகிறார்கள். எந்த இடத்தில் ஏமாந்தோம் என்பதைத்தான் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மின்கட்டணம் ஏறிக்கொண்டே போய், வீட்டுக் கடனின் வட்டியும் உயர்ந்து, மாதக் கடைசியில் எந்தச் செலவை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் பிரதிநிதி வீடு தேடி வந்தார். கையிலிருந்து ஒரு காசு போட வேண்டாம், கட்டணம் பாதியாகும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது, நாளை வீட்டை விற்றால் கூடுதல் விலையும் கிடைக்கும் என்று நான்கு ஆசைகளை ஒரே மூச்சில் காட்டினார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். எங்களுக்கு வந்தது தானமும் அன்று, ஆனாலும் நாங்கள் பல்லைப் பார்க்கவில்லை. கைக்கணினித் திரையில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முழு ஒப்பந்தம் மறுநாள் மின்னஞ்சலில் வந்தது. பேச்சு முழுவதிலும் அவர் பயன்படுத்திய சொல் ‘மாதத் தவணை’. ஒப்பந்தத்தில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. வீடு தேடி வந்து விற்கப்படும் ஒப்பந்தங்களைச் சில நாட்களுக்குள் காரணம் கூறாமலே ரத்து செய்யும் உரிமை பல நாடுகளில் உண்டு. அந்த நாட்களை நாங்கள் மின்னஞ்சலைத் திறக்காமலே கழித்தோம் என்பது எங்கள் தவறு. அதை மறைக்கப் போவதில்லை.

மின்சாரக் கணக்கிலும் அவர்கள் முழு உண்மையைச் சொல்லவில்லை. எங்கள் கூரையில் பொருத்தியது 4 கிலோவாட் அமைப்பு. ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேர முழு வெயில் என்று வைத்து, 365 நாளால் பெருக்கி, ஆண்டுக்கு 8,030 யூனிட் வரும் என்று எழுதிக் காட்டினார்கள். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் ஒரு தகட்டின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு, ஆய்வுக்கூடத்தில் தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாகவும் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியாகவும் இருக்கும்போது அளந்தது. வெயிலில் காயும் தகடு 60 டிகிரியைத் தாண்டும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.5 சதவீதம் வரை குறையும். தூசி, கம்பி, தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவற்றில் போகும் இழப்பு தனி. எங்கள் கூரையில் மாலை மூன்று மணிக்கு மேல் பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் விழுந்தது. தகடுகளை ஒரே சரமாக இணைத்திருந்தால், ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடக்கூடும் என்பதை அளவெடுக்க வந்தவர் அறியாமல் இருந்திருக்க முடியாது. முதல் ஆண்டில் எங்களுக்குக் கிடைத்தது 5,600 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வாடகையோ உற்பத்தியைப் பொறுத்தது அன்று. வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒரே தொகை. நடுவில் இன்வெர்ட்டர் பழுதாகி ஏழு வாரம் ஒரு யூனிட்கூட வராதபோதும் அது முழுமையாகப் பிடிக்கப்பட்டது. மின்வெட்டு நேரத்தில் எங்கள் வீடும் இருட்டாகவே இருந்ததற்கு மட்டும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்: மின்கலன் இல்லாத, பொது மின்கட்டமைப்போடு இணைந்த அமைப்பு, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க மின்வெட்டின்போது தானாகவே நின்றுவிட வேண்டும். ஆனால் அதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு போயிருப்போம். விற்பனை என்று வந்தபோது வெளிப்பட்ட கணக்குத்தான் எங்களை உட்கார வைத்தது. வாடகை ஆண்டுதோறும் 3 சதவீதம் ஏறும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மூன்று சதவீதம் என்பது காதுக்கு மிகச் சிறியதாகக் கேட்கும். முதல் ஆண்டில் மாத வாடகை 100 என்று வைத்துக்கொண்டால், இருபதாம் ஆண்டில் அது 175 ஆகும். அதே காலத்தில் தகடுகளின் திறனோ ஆண்டுக்கு அரை சதவீதம் அளவில் குறைந்துகொண்டே போகும். இருபது ஆண்டுக்கும் சேர்த்துக் கூட்டினால் மொத்த வாடகை 32,244. ஐந்து ஆண்டு முடிந்த நிலையில், அதாவது காலத்தில் கால் பங்கு கடந்துவிட்ட நிலையில், அந்தக் கணக்கில் நாங்கள் கட்டியிருந்தது 6,371 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்குகூடத் தீரவில்லை. முன்கூட்டியே விலகுவதானால் மீதி 25,873-ஐயும் தள்ளுபடியின்றி ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்பது சரத்து. பதினைந்து ஆண்டு கழித்துத் தர வேண்டிய பணத்தை இன்றே தருபவனுக்கு ஏதாவது கழிவு உண்டா என்று கேட்டேன். ஒப்பந்தப்படி இல்லை என்று பதில் வந்தது. அந்தத் தொகையில் அதே அளவுள்ள புதிய அமைப்பு ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி மாட்டிவிட்டு மிச்சமும் பிடித்திருக்கலாம்.

விலக வேண்டாம், குத்தகையை வீடு வாங்குபவரின் பெயருக்கு மாற்றலாம் என்ற வழியும் இருந்தது. அதற்கு அவருடைய கடன் வரலாற்றை நிறுவனம் ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். அவரும் தாம் கேட்காத பதினைந்து ஆண்டுச் சுமையை ஏற்கச் சம்மதிக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அவர் நாகரிகமாகவே மறுத்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவரிடம் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டாவதாக வந்தவர் கட்டடத்தைப் பரிசோதிக்க ஒரு பொறியாளரை அழைத்து வந்தார். தகடுகளைத் தாங்கும் சட்டங்களுக்காகக் கூரையில் துளையிட்ட இடங்களில் இரண்டில் நீர்க்காப்பு சரியாகச் செய்யப்படாமல், உள்ளே ஈரம் இறங்கியிருப்பதை அவர் கண்டுபிடித்தார். துளையிட்டதால் கூரை போட்டவரின் உத்தரவாதம் செல்லாது என்றும், பொருத்தியவரின் உத்தரவாதம் ஓர் ஆண்டில் முடிந்துவிட்டது என்றும் இரு தரப்பும் கை கழுவின. வீட்டின் மதிப்பைக் கூட்டும் என்று வந்த பொருள், பேசிய விலையில் பழுதுச் செலவையும் குத்தகையை முடிக்கும் செலவையும் கழிக்க வைத்தது. அந்த விலைக்கே விற்றோம்.

சூரிய மின்சாரத்தின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. இப்போது இருக்கும் வீட்டிலும் தகடுகள் உண்டு. சிறியவை, முழு விலையும் கொடுத்துச் சொந்தமாக வாங்கியவை. இம்முறை கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைத் தாளில் வாங்கி இரண்டு நாள் படித்தோம். நிழல் மதிப்பீட்டை மாதவாரியாக எழுத்தில் கேட்டோம், கூரைத் துளைகளுக்குப் பத்தாண்டு உத்தரவாதம் எழுதச் சொன்னோம். மாதத் தொகை கட்டும் எந்தத் திட்டத்திலும், கடைசித் தொகையைக் கட்டிய மறுநாள் பொருள் யாருடையது, வீட்டை நடுவில் விற்றால் என்ன தொகை, அந்தத் தொகை ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு என்று அட்டவணையாகக் கேட்டு வாங்குங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று: குத்தகை முடிந்ததற்கான கடிதத்தோடு வில்லங்கம் நீக்கப்பட்டதற்கான பதிவையும் கையில் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே வங்கியில் தானியங்கிப் பற்றை நிறுத்துங்கள். வீடு கைமாறி இரண்டு மாதம் வரை எங்கள் கணக்கிலிருந்து வாடகை எடுக்கப்பட்டது. அதைத் திருப்பிக் கேட்டு நான் எழுதிய நான்காவது கடிதத்துக்கு, விவரங்கள் பரிசீலனையில் உள்ளன என்று நேற்று பதில் வந்திருக்கிறது.