“100 வீத மெரினோ” என்று விற்கும் குளிர் உள்ளாடை: மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்

ஒன்ராறியோவில் நவம்பர் மான் வேட்டைக்குத் தயாராகிறவர்கள் இதை வாசித்துவிட்டு உடுப்பு வாங்குங்கள். “100 வீத மெரினோ கம்பளி, வேட்டைக்காரருக்கென்றே நெய்தது” என்று விளம்பரம் போட்ட ஓர் இணையக் கடையில் மேலுக்கும் காலுக்குமாக ஒரு சோடி உள்ளாடை வாங்கினேன். விலை 140 டொலர். வந்த உடுப்பில் என்ன நூல் என்று சொல்லும் லேபலே இல்லை. அளவு மட்டும் அச்சடித்திருந்தது.

விடியுமுன் மைனஸ் 8 பாகை. துப்பாக்கியும் பையும் சுமந்து மேட்டில் ஏறி நடந்தால் எந்தக் குளிரிலும் முதுகு வியர்க்கும். அது வழக்கம்தான். நல்ல கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை நூலுக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தோலில் நனைந்த உணர்வைத் தராது, சூட்டையும் விடாது. இந்தத் துணியோ நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பரணில் ஏறி அசையாமல் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே நடுக்கம் தொடங்கி, கை என் சொல் கேட்கவில்லை. குண்டு போட்ட துப்பாக்கியை நடுங்கும் கையில் வைத்திருப்பது கூட வந்தவர்களுக்கும் ஆபத்து. குண்டை எடுத்துவிட்டு இறங்கி வந்தேன். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் யோசனையே மந்தமாகிவிடும், இறங்க வேண்டும் என்றுகூடத் தோன்றாது. என் கோபம் 140 டொலருக்காக அல்ல, இதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்ததும் தையல் ஓரத்தில் ஒரு நூலை வெட்டி, சாமணத்தில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் நசுங்கித் தூளாகும், நெருப்பை எடுத்தால் தானே அணையும். என் நூலில் ஒரு பகுதி கடதாசி போல எரிந்தது, மற்றது உருகி நசுக்க முடியாத கறுப்பு உருண்டையானது. பருத்தியும் செயற்கை நூலும் கலந்த துணி! குளிரில் வியர்க்கிற வேலைக்குப் பருத்தி கூடவே கூடாது, தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயாது. பொலியெஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். அது ஈரத்தை உறிஞ்சாது, சீக்கிரம் காயும், அதில் தங்கும் வியர்வை நாற்றம்தான் நம்மை மானுக்குக் காட்டிக்கொடுக்கும். நேர்மையாக “பொலியெஸ்டர்” என்று விற்றால் பாதி விலையில் நல்ல உடுப்பு கிடைக்கும்.

கடைக்கு எழுதினேன். “குளிர் ஆளுக்கு ஆள் மாறும்” என்றார்கள். எரித்த நூலின் படத்தை அனுப்பினேன். “உடுத்த உள்ளாடையைத் திருப்பி எடுக்க மாட்டோம்” என்று பதில். பிறகு, அடுத்த முறை வாங்க 20 வீதக் கழிவு தருகிறார்களாம். பிறகு மௌனம். அதற்குள் விளம்பரத்தில் “100 வீத மெரினோ” போய் “மெரினோ மென்மை” வந்துவிட்டது. நல்லவேளை, பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதையும் மின்னஞ்சல்களையும் கடனட்டை நிறுவனத்துக்குக் கொடுத்த பிறகுதான் காசு திரும்ப வந்தது.

கனடாவில் விற்கும் உடுப்பில் எந்த நூல் எத்தனை வீதம் என்று லேபல் இருக்கவேண்டும் என்பது சட்டம். விற்பவரின் பெயரும் முகவரியும், அல்லது ‘சிஏ’ என்ற எழுத்துகளோடு ஓர் ஐந்திலக்க எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண் யாருடையது என்று, பொய் விளம்பரங்களை விசாரிக்கும் மத்திய அரசின் கொம்பெட்டிஷன் பியூரோவின் தளத்தில் தேடலாம். முறைப்பாடும் அங்கேயே கொடுக்கலாம், நான் கொடுத்திருக்கிறேன். “மூங்கில் துணி” என்று வருவதும் பெரும்பாலும் மூங்கிலை இரசாயனத்தில் கரைத்துச் செய்த ரேயோன் நூல்தான். அதுவும் பருத்தி போல நனையும். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் சொல்லி விற்றால் ஒரு வருடத்துக்குள் அந்தக் கொள்வனவை ரத்துச் செய்யக் கேட்கலாம். “உடுத்தாயிற்று” என்ற பேச்சுக்கு அடங்கிவிடாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? சதுர மீற்றருக்கு 150 கிராம் எடையுள்ள மெல்லிய கம்பளி உள்ளாடையை நடக்கும்போது போடுங்கள். 250 கிராம் தடிப்பானதைப் பையில் கொண்டுபோய்ப் பரணடியில் வியர்வை ஆறிய பிறகு மேலே போடுங்கள்.

அதே உடுப்பு இப்போது வேறு கடைப் பெயரில், அதே படங்களோடு ஓடுகிறது: செம்மஞ்சள் தொப்பியோடு பனியில் நிற்கும் தாடிக்காரர், பக்கத்தில் “இன்று மட்டும் 60 வீதக் கழிவு” என்று ஓடும் கடிகாரம். கண்டால் வாங்காதீர்கள்.