கரிக்கழிவுக் கரையில் அரை வினாடியா, அரை நிமிடமா?

இங்கிலாந்தின் டர்ஹம் கடற்கரையோரத்தில், சீஹம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது பிளாஸ்ட் பீச். இந்தக் கரை நெடுக நிலக்கரிச் சுரங்கக் கழிவைப் பல்லாண்டுகள் கொட்டினார்கள். 1993இல் ஈசிங்டன் சுரங்கம் மூடியதோடு அது நின்றது. மிச்சத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. வெளிர் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே கறுத்த திட்டு, அதில் பைரைட் என்ற இரும்புக் கனிமம் சிதைந்து கசிந்த செம்மஞ்சள் கறை. படத்தில் வர வேண்டியது இதுதான். அதற்குக் கேமரா ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதுதான் கேள்வி.

கரை கிழக்குப் பார்த்தது. சூரியன் கடலில் எழும். விடிந்ததும், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 11 லென்ஸ் துளையில், ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் நேரம் 1/30 வினாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். என்.டி. ஃபில்டர் என்பது ஒளியைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். 10 ஸ்டாப் மாட்டினால் அது 34 வினாடி. 3 ஸ்டாப் ஃபில்டரும், ஒரு ஸ்டாப் அளவு ஒளியைக் குறைக்கும் போலரைசரும் (பளபளப்பை அடக்கும் ஃபில்டர்) சேர்ந்தால் ஏறக்குறைய அரை வினாடி.

34 வினாடியில் கடல் பனிமூட்டமாகிவிடும். அழகுதான், ஆனால் அலை கழிவைக் கரைத்து இழுத்துப் போவது அதில் தெரியாது. எந்த ஊர்க் கடலாகவும் இருக்கலாம். அடர்ந்த ஃபில்டர்கள் பல நிறத்தையும் திரிக்கும். துருக்கறையே முக்கியமான இடத்தில் இது பெரிய நட்டம். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்து, நிறத்தை ஒப்பிடச் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டால்தான் சரிசெய்யலாம். கூழாங்கல்லில் ஊன்றிய முக்காலி ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் இறங்கும். 34 வினாடியில் படமே கலங்கிவிடும். கால்களை அழுத்திப் புதைத்த பிறகே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, ஃபில்டரை மாட்டுங்கள்.

எங்கள் ஓட்டு அரை வினாடிக்கு. அலை திரும்பும் கணத்தில் அழுத்தினால், கற்களுக்கிடையே நீர் கோடு கோடாக இறங்குவது பதியும். ஒரு படம் தேற முப்பது நாற்பது முறை எடுக்க வேண்டியிருக்கும். போலரைசர் ஈரக் கல்லின் பளபளப்பைக் குறைத்து நிறத்தைக் கொண்டுவரும். முழுக்கத் திருப்பினால் கல் காய்ந்ததுபோல் ஆகிவிடும், பாதியில் நிறுத்துங்கள். படச்சட்டம் நிறையக் கறுப்பு இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். 2/3 ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

காற்றில்லாத மந்தமான நாளில், கடலுக்குள் நிற்கும் தனிப் பாறையை எடுக்க மட்டும் 10 ஸ்டாப்பை வெளியே எடுக்கலாம்.

எதை மாட்டினாலும் உப்புத் தெறிக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் நன்னீரில் நனைத்த துணி. ஓதம் இறங்கத் தொடங்கிய பிறகு போங்கள். கழிவுத் திட்டின் விளிம்பை அடியில் கடல் குடைந்திருக்கும், அதன் மேல் முக்காலி வைக்காதீர்கள்.