குடியாத்தம், காட்பாடி பக்கம் வீடு வாங்குவோருக்கு இணைய வில்லங்கம்: எதுவரை நம்பலாம்?

பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தை, அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, இலவசமாகப் பார்க்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அலசிப் பார்க்க இதைவிட நல்ல வசதி இல்லை.

சிக்கல் உட்பிரிவில்தான். இன்று 124/2ஏ என்றிருக்கும் மனை, பழைய பத்திரத்தில் 124/2 என்றோ, வேறொரு பழைய சர்வே எண்ணிலோ இருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுவிட்டு 'வில்லங்கம் இல்லை' என்று மகிழக் கூடாது. தாய்ப் பத்திரத்தில் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) உள்ள எண்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். கிராமம் வேறு அலுவலகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் பார்க்க வேண்டும். பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்ற பழைய பெயர் இருப்பது குறையில்லை. ஆனால் வேலூர் மாவட்டத்தின் 2019 பிரிவினைக்குப் பின் பட்டா தளத்தில் ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டத்திலும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருக்கின்றன.

ஊருக்குள் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் நத்தம், அதாவது கிராமக் குடியிருப்பு நிலம். பட்டா தளத்தில் அதற்குத் தனித் தெரிவு உண்டு; கிராமப்புறம் என்று தேடினால் கிடைக்காது.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு: பதிவாகாத கிரய ஒப்பந்தம், வாய்மொழிப் பாகப்பிரிவினை, உயில். அதனால் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு, அதிலுள்ள எல்லோரும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். அசல் பத்திரத்தையும் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் அடகில் இருக்கலாம்.