நிறத்துக்கு முன் வெயிலைப் பார்க்க வேண்டும்: ஸ்வீட் ஹோம் 3டி அனுபவம்

வீட்டுப் பிளானை வரைந்து முப்பரிமாணத்தில் பார்க்க உதவும் மென்பொருள் ஸ்வீட் ஹோம் 3டி. திருச்சியில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது இதை நிறுவினேன். பின்னர் அக்கா வீட்டில் மாடி எடுத்தபோதும் இதுதான் கைகொடுத்தது. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பொறியாளர் தந்த பிளானை ஸ்கேன் செய்து பின்னணியாக வைத்து, தெரிந்த ஓர் அளவை மட்டும் குறித்துவிட்டால் போதும். மற்ற சுவர்களை அந்தக் கோடுகள் மீதே இழுத்துக்கொண்டு போகலாம். திரையின் கீழ்ப்பகுதியில் முப்பரிமாணத்தில் வீடு எழும்பி வரும்.

ஆனால் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. வரைபடத்தில் உள்ள திசைகாட்டியில் ஊரையும் வடக்குத் திசையையும் கொடுத்து, உயர்தரப் படம் எடுக்கும்போது நாளையும் நேரத்தையும் குறித்தால், அன்றைய வெயில் எந்தச் சன்னல் வழியாக எங்கே விழும் என்று காட்டுகிறது. நம் பக்கத்தில் இது மிக முக்கியம். திருச்சியில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடுகிறது. வடக்குச் சன்னல் என்றாலே வெயில் வராது, நிறம் வெளுக்காது என்ற பேச்சை நம்பி அந்த அறைக்கு அப்பா அடர்நீலம் கேட்டார். ஜூன் மாதக் காலை எட்டு மணிப் படத்தையும் டிசம்பர் படத்தையும் அருகருகே காட்டினேன்: ஜூனில் வெயில் உள்ளே விழுந்தது, டிசம்பரில் துளியும் இல்லை. "அப்படியானால் மழைக்காலம் முழுக்க இந்த அறை இருட்டாகத்தான் இருக்கும், வெளிர் நிறமே அடிப்போம்" என்று அவரே சொல்லிவிட்டார்.

சுவரின் இரு பக்கங்களுக்கும் தனித்தனியாக நிறம் கொடுக்கலாம். எந்தச் சுவர் அடர்த்தியாக இருக்கலாம், கூரை எவ்வளவு தாழ்வாகத் தோன்றும் என்பதையெல்லாம் திரையில் முடிவு செய்யலாம். சரியான ஷேடை மட்டும் திரையில் முடிவு செய்யக்கூடாது. செல்பேசிக் கேமராவில் சுவரைக் காட்டி நிறம் மாற்றும் செயலிகளுக்கும் இதே வரம்புதான்: கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. இரவில் 6500 கெல்வின் (குளிர்ந்த வெள்ளை ஒளி) விளக்கில் நீலம் தட்டும் சாம்பல், 2700 கெல்வினில் (மஞ்சள் ஒளி) பழுப்பாகிவிடும். எங்கள் பெயிண்டர் அண்ணன் சொன்ன வழி இன்றும் சிறந்தது: பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று சுவருக்குச் சுவர் மாற்றி வைத்துப் பாருங்கள்.

அறைக்குள் நடப்பதுபோல் கண் உயரத்தில் பார்க்கும் வசதி அம்மாவுக்குப் பிடித்திருந்தது. பிளான் தாள் புரியாதவர், திரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பீரோவை அங்கே வைத்தால் அதன் கதவு கட்டிலில் இடிக்கும் என்று சட்டென்று கண்டுபிடித்தார்.

குறைகளும் உண்டு. கூடவே வரும் பொருள் பட்டியலில் ஊஞ்சலோ பூஜை மாடமோ எனக்குக் கிடைக்கவில்லை. வெறும் பெட்டிக்கு அளவு கொடுத்துச் சமாளித்தேன். பழைய மடிக்கணினியில் உயர்தரப் படம் வர வெகுநேரம் ஆகிறது.

ஒவ்வோர் அறைக்கும் அடித்த ஷேடு நம்பரை வரைபடத்திலேயே எழுத்தாகச் சேர்த்து வையுங்கள். ஓதம் ஏறிய குளியலறைச் சுவரைச் சரிசெய்தபோது எங்களுக்கு அது உதவியது. என்றாலும் ஒரே நம்பரில் மறுபடி கலக்கும் பெயிண்ட் சற்று மாறக்கூடும். திட்டாக அடிக்காமல் மூலை முதல் மூலை வரை முழுச் சுவருக்கும் அடிக்கச் சொல்லுங்கள்.